கூவுவதற்கும் வரியா

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிக்கூடம். இராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணியை நெய்யும் அந்தச் சத்தத்திலேயே பேசி, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகிப் பழகிவிட்டோம். ஆனால் போனில் குரல் பதிவு செய்கிற ஆளுக்கு அது ஆகாது. காலையில் ஷிப்டு மாறும்போது தறிகள் செத்த நேரம் நிற்கும். அதற்குள் நான் செய்தியைச் சொல்லி முடித்தாக வேண்டும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, எதிரொலி வராமல் இருக்க மேலே போர்வையைக் கட்டி, உள்ளே உட்கார்ந்து பேசுவேன். அந்நேரம் வீட்டில் யாரும் குக்கர் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

நான் சொல்வது நாட்டு நடப்பு இல்லை. இணையத்தில் பொருள்களை எடுத்துச் சொல்லி விற்றுக் கொடுத்து, அதற்குத் தரகு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அஃபிலியேட் என்பார்கள். ஒரு மிக்சியைப் பற்றி எழுதி, கூடவே ஒரு லிங்க் கொடுப்போம். அதைத் தொட்டு யாராவது அந்த மிக்சியை வாங்கினால், விற்ற கம்பெனி நமக்குக் கொஞ்சம் தரும். எந்தக் கம்பெனி தரகைக் குறைத்தது, எந்த விதி மாறியது, எது ஏமாற்று வேலை என்று தமிழில் சொல்ல ஆளில்லை. அதைத்தான் நான் தினமும் காலையில் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தேன்; இப்போதும் அனுப்புகிறேன்.

இதற்குள் நான் வந்தது தற்செயல். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். வீட்டில் இருந்தபடி, அவளுக்கு வாங்கிய தொட்டில் ஸ்டாண்டைப் பற்றி நாலு வரி எழுதினேன். ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, ஆனால் கால் பகுதி மொசைக் தரையில் வழுக்குகிறது, அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடுங்கள் என்று. முகம் தெரியாத யாரோ அதைப் படித்துவிட்டு வாங்கினார்கள். குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் நம்பி வாங்கினேன் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்த ஒரு வரி என்னை இந்த வேலையில் பிடித்துப் போட்டது.

செய்தி சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் கான்சாபுரத்திலிருந்து எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒரு அக்கா. என்னைப் பார்த்து அவரும் ஆரம்பித்தார். நன்றாகவே செய்தார். ஒருநாள் தன் லிங்கிலேயே தனக்கு ஒரு கிரைண்டர் வாங்கினார். அப்படி வாங்கக் கூடாது என்பது விதி. கணக்கை முடக்கிவிட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல என்னமோ வந்துச்சு, நான் சரின்னு அமுக்கிட்டேன். இப்படி ஒரு விதி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

சொல்ல ஆளில்லை என்பது உண்மைதான். மறுநாள் அவருக்காக ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அவர் இன்னும் நாலு பேருக்கு அனுப்பினார். அப்படியே அது ஒரு குழுவாகி, ஒரு சேனலாகிவிட்டது.

என் பழைய முதலாளிக்கு இது எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற மனிதர். பேண்டேஜை மொத்த வியாபாரிகளிடம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தார். நேராக வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ ஊர்ச் சாமானையெல்லாம் விளம்பரம் பண்ணுதியாமே, நம்ம சாமானைப் பண்ண மாட்டியா?" என்றார்.

மருத்துவப் பொருள்களுக்கென்றே ஒரு வெளிநாட்டு வர்த்தகத் தளம் இருந்தது. அதில் விளம்பரம் போட ஏற்பாடு செய்து கொடுத்தேன். படம் எடுத்ததும் நான்தான். வலைத்துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணி ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி எடுத்தேன். சில மாதங்களில் விசாரிப்புகள் வந்தன. கென்யாவிலிருந்து ஒருவர் மாதிரித்துணி கேட்டு, பிறகு ஆர்டரும் கொடுத்தார். முதலாளி அந்த மின்னஞ்சலை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் அவருடைய ஆடிட்டர் வந்தார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

"வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைன் விளம்பரத்துக்குப் பணம் அனுப்பியிருக்கீங்க. வருஷத்துல ஒரு அளவுக்கு மேல போயிருச்சு. இதுக்குத் தனியா ஒரு வரி உண்டு. நீங்க பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கணும்."

"வரி அவனுக்கா, எனக்கா?"

"சட்டப்படி அவனுக்கு. அவன் காசுல பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை நீங்க அனுப்பணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அங்கேயே அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்டேன். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் கட்டணம் முழுசாக எங்களுக்கு வந்தாக வேண்டும், உங்கள் நாட்டு வரியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

"இதேம் கர்மா", இதென்ன தலையெழுத்து என்று தெலுங்கில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார் முதலாளி. "அவன் மேல போட்ட வரியை நான் கட்டணுமாக்கும். கட்டாட்டி செலவுக் கணக்கையே ஏத்துக்க மாட்டாகளாம். போதும்மா, விளம்பரத்தை நிப்பாட்டு."

நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்துவது பெரிய வேலையில்லை. ஆனால் படியிறங்கும்போது போனில் அந்த வலைத்துணிப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பண நஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு நர்ஸ் கையில் எங்கள் தெருத் துணி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அது இப்படி முடியும் என்று நினைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் அந்த வரியைப் பற்றித்தான் படித்தேன். அரசாங்கத்தின் நியாயம் புரியாமல் இல்லை. வெளிநாட்டு இணைய நிறுவனங்கள் இங்கே சம்பாதித்துக்கொண்டு இங்கே வரி கட்டாமல் போகின்றன; அவர்களைப் பிடிக்க ஒரு வலை. ஆனால் மீன் வழுக்கிக்கொண்டு போய்விட, மாட்டிக்கொண்டது எங்கள் முதலாளி மாதிரி ஆள்கள். என் காலைச் செய்தியில் இதை விளக்கினேன். கடைசியில் என் கருத்தையும் சொன்னேன். தெருவில் கீரை விற்கிறவர் கூவிக்கொண்டு போகிறார். விற்றால் வியாபாரம், விற்காவிட்டால் தொண்டைவலி. விளம்பரமும் அந்தக் கூவல்தான். விற்ற பிறகு வரி கட்டுகிறோம், சம்பாதித்தால் வரி கட்டுகிறோம். விற்குமா விற்காதா என்று தெரியாமல் கூவுவதற்கும் வரியா என்று கேட்டேன்.

நான் அனுப்பியதில் அதிகம் பேர் பகிர்ந்துகொண்டது அந்தப் பதிவைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் வரைக்கும் போய்விட்டது. பட்ஜெட்டுக்கு முன்னால் டெல்லிக்கு ஒரு கோரிக்கை அனுப்பப் போகிறோம், அதில் இந்த வரியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது, வந்து உங்கள் பக்கத்தைப் பேசுங்கள் என்று அழைத்தார்.

என் கணவர் மில்லில் எலக்ட்ரீஷியன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, போர்வைக்குள்ள உக்காந்து பேசுறதும் மைக்குல பேசுறதும் ஒண்ணா? அம்புட்டுப் பேரும் மூஞ்சியைப் பாப்பாகளே."

"பாக்கட்டும். நான் ஒண்ணும் பொய் சொல்லப் போகலியே."

"அதில்ல. எதுத்துப் பேச யாரு வாரான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அங்கே போய்த்தான் தெரிந்தது. எதிர்ப்பக்கம் பேச வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிற அண்ணன். அவருடைய அத்தா காலத்தில் ஜவுளிக்கடை. இவர் அந்தக் கடை மாடியிலேயே சேனலைத் தொடங்கியவர். நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்கள் திரையின் அடியில் ஓடும். மாலையில் உள்ளூர்ச் செய்தி. நானே சின்ன வயதில் அதில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் கூட்டம். முதலில் நான் பேசினேன். முதலாளியின் பெயரைச் சொல்லாமல் அவருக்கு நடந்ததைச் சொன்னேன். அந்தத் தளம் அனுப்பிய பதிலைத் தமிழில் சொன்னதும் முன்வரிசையில் ஒரு எண்ணெய்க்கடை அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் பிள்ளை பிறந்ததே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில்தான், அது வரிப்பணம் என்று எனக்குத் தெரியும் என்றேன். லாபத்தில் கேளுங்கள், கூப்பாட்டில் கேட்காதீர்கள் என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

கேபிள் அண்ணன் எழுந்தார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"தங்கச்சி நல்லாப் பேசுச்சு. நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். முந்தி தீபாவளின்னா எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அம்புட்டு விளம்பரம். இப்போ அந்தக் கடைக்காரங்க எல்லாம் போன்ல விளம்பரம் குடுக்காங்க. கொறை சொல்லல, அவிய வியாபாரம் அவியளுக்கு. ஆனா போன மழையில பெரிய ஓடை ஒடைஞ்சப்போ அதைக் காட்டுனது யாரு? ரேஷன் கடையில புழுத்த அரிசி போட்டப்போ கேமராவைத் தூக்கிட்டுப் போனது யாரு? நான். அந்த வெளிநாட்டுக்காரன் வந்து காட்டுவானா? கடைக்காரன் குடுத்த விளம்பரக் காசுலதான் செய்தி வாசிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் குடுத்தேன். அவன் இங்க இருந்து அள்ளிட்டுப் போறான். அதுல கொஞ்சத்தைப் பிடிச்சா என்ன தப்பு?"

யாரும் கைதட்டவில்லை. ஆனால் மண்டபத்தில் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் காசை அவன் கட்டலண்ணே. நம்ம ஆளுதான் கட்டுதாரு" என்றேன்.

"சரி. அப்ப ஒரே ஒரு கேள்வி. இந்த வரியை எடுத்துட்டா, அவன் அதே விலையில இருப்பானா? ஏத்த மாட்டானா? நீ தெனமும் அவங்க சமாச்சாரம்தான படிக்க. நீயே சொல்லு."

எனக்கு என்ன பதில் வசதியானது என்று தெரிந்திருந்தது. போட்டி இருக்கிறது, ஏற்ற முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்கிற ஆங்கிலக் கட்டுரைகளையும் படித்திருந்தேன். ஆனால் தரகைச் சொல்லாமல் கொள்ளாமல் குறைத்தார்கள் என்று மாதத்துக்கு ஒரு முறையாவது காலையில் செய்தி சொல்கிறவள் நான்.

"தெரியலண்ணே" என்றேன். "ஏத்தினாலும் ஏத்துவாங்க."

கூடத்தில் சலசலப்பு. செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் ஆளாளுக்குப் பேசி, கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோரிக்கை எழுதுவதென்று முடிவானது. சின்ன வியாபாரிகளின் இணைய விளம்பரத்துக்கு இந்த வரி வேண்டாம். அரசு விளம்பரங்களில் உள்ளூர்ச் சேனல்களுக்கும் பங்கு வேண்டும். இரண்டுமே டெல்லியில் யாராவது படிக்கப் போகிறார்களா என்ற சந்தேகம் அங்கிருந்த எல்லார் முகத்திலும் இருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் குழுவில் எனக்குத் திட்டு விழ ஆரம்பித்திருந்தது. யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். என்னோடு ஆரம்பத்திலிருந்து இருந்த ஒரு தம்பி, காலேஜ் முடித்து முழுநேரமாக இதைச் செய்கிறவர், தன் லிங்குகளுக்குக் காசு கொடுத்து விளம்பரமும் போடுகிறவர், குரல் பதிவு அனுப்பியிருந்தார். "நமக்காகப் பேசப் போயிட்டு 'தெரியல'ன்னா என்னக்கா அர்த்தம்? அவரு கையில பிடியைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க." சிலர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அவர் வெளியேறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் எதுவும் பேசவில்லை.

'தெரியல' என்று நான் சொன்னதைப் பலமுறை மனதில் திருப்பிப் பார்த்தேன். ஒரு கட்சிக்காகப் பேசப் போனவள் கட்சியை விட்டுக்கொடுத்தேனா? அந்தத் தம்பியின் கோபத்தில் நியாயம் இருந்தது. நீதிமன்றத்தில் வக்கீல் இப்படிச் சொல்வாரா? ஆனால் நான் வக்கீல் இல்லை. வழுக்குகிற தொட்டிலை வழுக்குகிறது என்று சொல்லித்தான் முதல் தொட்டிலை விற்றேன். வரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேறு ஆளாக மாறினால், மறுநாள் காலையில் போர்வைக்குள் உட்கார்ந்து எந்தக் குரலில் பேசுவது?

வரி கூடாது என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அதுவரை நான் யோசிக்காத ஒன்று மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் கொடுத்த விளம்பரக் காசு அவருடைய பொருளை மட்டும் விற்கவில்லை. அவருக்கே தெரியாமல் ஊருக்கு ஒரு கண்ணையும் வைத்துக் கொடுத்திருக்கிறது. இப்போது காசு வேறு வழியில் போகிறது, கண் மங்குகிறது. ஒரு வரியைப் போட்டால் அந்தக் கண் திறக்குமா? அந்த வரி டெல்லிக்குத்தான் போகும். கேபிள் அண்ணன் சேனலுக்கு வராது. இதை அவரிடம் அப்போதே சொல்லத் தோன்றவில்லையே என்று பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது எல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஒரு மார்ச் மாதம், நாடாளுமன்றத்தில் நிதி மசோதா விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, அந்த வரியை எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் தறி நின்றதும் முதல் செய்தியாக அதைச் சொன்னேன். முதலாளி ஆள் விட்டு ஸ்வீட் பெட்டி கொடுத்தனுப்பினார். போனில், "நீ பேசினதுலதான் எடுத்திருக்காக" என்றார்.

"இல்ல மொதலாளி. பெரிய நாடுகளுக்குள்ள வியாபாரப் பேச்சு நடக்கு, அதுக்காக எடுக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நம்ம மண்டபத்துல பேசினது மதுரை வரைக்கும்கூடப் போயிருக்காது."

"போகட்டும்மா. விளம்பரத்தை மறுபடி போடு."

போட்டேன். பழைய படத்தையே போடாமல் புதிதாக எடுத்தேன். விசாரிப்புகள் வந்தன. எல்லாம் நன்றாகத்தான் போனது. வருஷ முடிவில் அந்தத் தளம் தன் கட்டணத்தை உயர்த்தியது. வரியாகப் போனதில் பெரும்பகுதி இப்போது கட்டணமாகப் போனது. அதே பருவத்தில் பெரிய விற்பனைத் தளம் ஒன்று சமையல் சாமான்களுக்கு எங்களுக்குத் தரும் தரகையும் குறைத்தது. இரண்டையும் ஒரே காலைச் செய்தியில் சொன்னேன்.

அன்று முற்பகலில் கேபிள் அண்ணன் கூப்பிட்டார். அவரும் என் சேனலைக் கேட்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"கேட்டேன் தங்கச்சி. நான் சொன்னது பலிச்சிருச்சுன்னு சிரிக்கக் கூப்பிடல. இங்க வந்து இதை நம்ம சேனல்ல சொல்லுதியா?"

போனேன். ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, சேலை அடுக்குகளுக்கு நடுவே ஏறிப்போகிற மாடிப்படி. அறையில் பச்சைத் திரை, இரண்டு நாற்காலி. செய்தி வாசிக்கும் அந்தப் பெண்தான் என் சேலையில் மைக்கைக் குத்திவிட்டாள். கேமராவைப் போட்டதும் ஓடிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அவளே கேள்வியும் கேட்டாள். சம்பளம் குறைந்த பிறகும் அவள் போகாமல் இருக்கிறாள் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

"வரி வேண்டாம்னு பேசினீங்க. வரி போயிருச்சு. விலை ஏறியிருச்சு. இப்போ என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"வரி இருந்தப்போ கூடுதல் காசு போச்சு. அதை எதிர்த்து டெல்லிக்கு எழுத முடிஞ்சது. இப்போ கூடுதல் காசு கட்டணமா போகுது. இதை எதிர்த்து யாருக்கு எழுதணும்னு எனக்குத் தெரியல. வரி போனது நல்லதுன்னுதான் இப்பவும் நினைக்கேன். சின்ன ஆளு கூவுறதுக்குக் கூடுதல் காசு கேக்கக் கூடாது. யாரு கேட்டாலும் கூடாது. அரசாங்கம் கேட்டாலும், கம்பெனி கேட்டாலும்."

"அதுக்கு என்ன வழி?"

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"ஒரு வழியைத்தான் நான் பாத்திருக்கேன். ஒரே இடத்துல மட்டும் கூவாம இருக்கணும். போன்லயும் கூவணும், உங்க சேனல்லயும் கூவணும். எல்லாத்தையும் ஒருத்தன் கையில குடுத்துட்டா அவன் சொல்றதுதான் விலை."

அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்றபடி தலையை ஆட்டினார். அதற்கு அர்த்தம் சம்மதமா, இல்லை பேட்டி போதும் என்பதா, தெரியவில்லை. கீழே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வரி அவர் கைக்கு வந்திருக்காது என்று நான் நெடுநாளாக வைத்திருந்த வாதத்தைச் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி" என்றார். "யாரு மேலயாவது கோவப்படணும்ல." பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மாதம் ஒரு முறை அவர் சேனலில் ஏமாற்று விளம்பரங்களைப் பற்றி மக்களுக்குச் சொல்வதென்று பேசிக்கொண்டோம். அதை இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றபடி போனில் மகளிடம் இட்லி மாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் கூடை வைத்திருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினார்.

"நீங்கதான காலையில பேசுதவிய?"

ஆமாம் என்றேன். கூமாப்பட்டிக்காரர். தோட்ட வேலை முடிந்த நேரத்தில் லிங்க் போடுகிறாராம்.

"கொரலைக் கேட்டு ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, கூடையை மடிக்கு நகர்த்தி எனக்கு உட்கார இடம் செய்து கொடுத்தார். "உக்காருங்க. எனக்கு ஒரு சந்தேகம். மூணு பேரு வாங்கினதாக் காட்டுது, ஒருத்தரு திருப்பி அனுப்பிட்டாகன்னும் காட்டுது. அப்போ எனக்கு உண்டா இல்லையா?"

உட்கார்ந்து அவர் போனை வாங்கிப் பார்த்தேன். திருப்பி அனுப்பியதற்குக் கிடையாது, மற்ற இரண்டுக்கும் உண்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிகிறவரை பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து சீட்டிலிருந்து இன்னொருவர், "இது என்னம்மா, வீட்டுல இருந்தே பாக்குற வேலையா?" என்று எட்டிப் பார்த்தார். வேலைதான், ஆனால் நினைக்கிற மாதிரி சுலபமில்லை என்று அவருக்கும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.